நிலமளந்த லாம்டன்

கொங்கு நாட்டின் மேற்கெல்லையில் மலைத்தொடர் ஒன்று மதில்போல் உயர்ந்து நிற்கின்றது. வடபால் நீலமலையும் தென்பால் ஆனைமலையும் அமைய, இடையே பாலைக்காட்டுக் கணவாய் வாயில்போல் திறந்து கிடக்கின்றது. இக்கணவாய்க்குக் கிழக்கே விரிந்த சமவெளியில் கோயம்புத்தூர் மாநகர் விளங்குகின்றது. இன்று அந்நகரில் ஆர்.எஸ்.புரத்துத் தெரு ஒன்றில் நிற்கும் மாணவன், தன் கைப்பேசியைத் திறந்த அளவில் தான் நிற்கும் இடத்தையும், மருதமலை எத்திசையில் எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதையும் நொடிப்பொழுதில் அறிந்துகொள்கின்றான். வானத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் அவனுக்கு இவ்வுதவியைச் செய்கின்றன. ஆயின், 1806-ஆம் ஆண்டில் ஆர்.எஸ்.புரம் என்னும் குடியிருப்பே தோன்றவில்லை. கோயம்புத்தூர் மலையிலிருந்து எத்தனை மைல், குமரிமுனையிலிருந்து எத்தனை மைல் என்று பிழையின்றிக் கூறவல்லார் அக்காலத்தில் ஒருவரும் இலர். அவ்வாண்டில், வண்டிகளிலும் சுமையாட்களின் தோள்களிலும் விந்தையான கருவிகளை ஏற்றிக்கொண்டு, ஆங்கிலேயர் ஒருவர் இப்பகுதிக்கு வந்து கூடாரம் அடித்தார். அவர் பெயர் வில்லியம் லாம்டன்.

லாம்டன் இங்கிலாந்தில் யார்க்ஷயர் மாவட்டத்தில் நார்த்தலர்ட்டன் என்னும் ஊரை அடுத்த சிற்றூரில், பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், எளிய உழவர் குடியில் பிறந்தார். பிறந்த ஆண்டு இன்னது என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்த கருத்துடையர் அல்லர். வறுமை மிக்க அக்குடியினரால் அவரைப் படிக்க வைத்தல் இயலாதிருந்தது. அக்கம்பக்கத்தார் சிறுவனின் கூரிய அறிவைக் கண்டு கைகொடுத்தமையால் அவர் இலக்கணப் பள்ளியில் சேர்ந்து பயின்றார். கணிதத்தில் அவருக்கிருந்த வேட்கை அளவிறந்தது. 1781-ஆம் ஆண்டில் படையில் சிற்றதிகாரியாகச் சேர்ந்து, அமெரிக்க விடுதலைப் போருக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டிலேயே யார்க்டவுனில் ஆங்கிலப் படை பணிந்தபோது அவரும் சிறைப்பட்டார்.

விடுதலை பெற்றபின் கனடாவின் நியூ பிரன்சுவிக் பகுதியில் படைவீடுகளைக் காக்கும் அலுவலராக ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்தார். பனி மூடிய அந்நாட்டில் அலுவல் சிறிது, ஓய்வு பெரிது. மற்றையோர் அவ்வோய்வைச் சூதாட்டத்திலும் குடியிலும் போக்க, அவர் நில அளவையும் வானநூலும் கற்றார். ஆசிரியர் துணையின்றி நூல்களின் துணையொன்றையே கொண்டு கற்ற கல்வி அது. அக்கல்விக்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. கதிரவன் மறைப்பு ஒன்றைப் போதிய காப்பின்றித் தொலைநோக்கியால் உற்றுநோக்கியமையால் ஒரு கண்ணின் பார்வை பெரிதும் கெட்டது. நாடெங்கும் கண்ணால் அளக்கப் பிறந்தவர், அளவை தொடங்கு முன்னரே ஒரு கண்ணை இழந்தவரானார்.

1797-ஆம் ஆண்டில் தம் படைப்பிரிவோடு சேர்தற்பொருட்டு அவர் இந்தியாவுக்கு வந்தார். அப்பிரிவின் தலைவர் ஆர்தர் வெல்லெசுலி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று வெலிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்றவர் இவரே. 1799-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானுக்கு எதிராக நடந்த போரில் லாம்டன், தளபதி பேர்டு என்பாரின் துணையதிகாரியாக இருந்தார். சீரங்கப்பட்டினத்தருகே ஒரு நாள் இரவு பேர்டின் படை தோப்பு ஒன்றைத் துழாவிவிட்டு இருளில் திரும்பிக்கொண்டிருந்தது. விண்மீன்களை நோக்கிய லாம்டன், படை தன் பாசறைக்குச் செல்லாமல் பகைவர் பாசறையை நோக்கிச் செல்வதை உணர்ந்து தலைவருக்கு அறிவித்தார். வழி காணத் தமக்கு விண்மீன் வேண்டியதில்லை என்று பேர்டு செருக்கோடு மறுத்துவிட்டார். பின்னர்த் திசைகாட்டியைப் பார்த்தபோதுதான் லாம்டன் கூறியது உண்மையென்பது தெரிந்தது. படை உடனே திரும்பிப் பேரழிவினின்று தப்பியது. பேசுதலில் நாட்டம் குறைந்த, நடுவயது கடந்த இந்த அதிகாரியின் கல்வி எத்தகையது என்பதைப் படைத்தலைவர்கள் அன்று உணர்ந்தனர்.

திப்பு வீழ்ந்தபின் மைசூர் நாட்டின் ஒரு பகுதியும் கோயம்புத்தூர் நிலப்பரப்பும் கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு வந்தன. பிறர் மண்ணை வரி வாங்கும் நோக்கோடு கைப்பற்றிய வணிகர் அவர். அம்மண்ணின் நீளம் அகலம் தெரியாமல் இடர்ப்பட்டனர். மைசூர் நாட்டை ஊர் ஊராக அளந்து படம் வரையக் காலின் மெக்கன்சி அமர்த்தப்பட்டார். நம் நாட்டுச் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் திரட்டிக் காத்தவரும் இம்மெக்கன்சியே ஆவார். அவருடைய பணியினும் விரிந்த திட்டம் ஒன்றை லாம்டன் முன்வைத்தார். சென்னையிலிருந்து மேலைக் கடற்கரை வரை முக்கோணங்களால் ஆன வலையொன்றை அமைத்தல். அவ்வலையைப் பின்னர் வடக்கும் தெற்கும் விரித்தல். அதனைக் கொண்டு நிலவுலகின் உருவத்தையே கணித்தறிதல் — இதுவே அத்திட்டம். வெல்லெசுலி அதனை ஆதரித்தார். சென்னை ஆளுநர் கிளைவு பிரபு இசைவளித்தார். எதிர்ப்பும் எழாமல் இல்லை. சீரங்கப்பட்டினம் போக விரும்புவோர் பல்லக்குத் தூக்குவோரிடம் சொன்னால் போதாதா, அதற்கு அளவைக்காரர் எதற்கு என்று நிதிக் குழுவினர் ஒருவர் நகையாடினார். வங்காளத்தை அளந்து பெரும்புகழ் பெற்ற ரென்னல் என்பாரே இத்திட்டம் வீண் செலவு எனக் கருதினார். அரசு வானநூலறிஞரான மாசுக்கலின், லாம்டன் பக்கம் நின்றமையால் பணி நின்றுபோகாமல் தப்பியது.

முக்கோண அளவையின் முறை எளியது. ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இருமுனைக் கோணங்களும் தெரிந்தால், மற்றை இரு பக்கங்களையும் நடந்து அளக்காமலே கணக்கினால் அறியலாம். அவ்வாறறிந்த பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடியாக அமையும். அதிலிருந்து மற்றொன்று, அதிலிருந்து இன்னுமொன்று. இவ்வாறு மலையுச்சிக்கு மலையுச்சி தாவிச் செல்லலாம். முதலில் அளக்கும் அடிக்கோடு ஒன்றுமட்டும் தரையில் நேராக அளக்கப்படல் வேண்டும். அதில் ஓர் அங்குலம் பிழைத்தால் அப்பிழை நாடு முழுதும் பெருகும்.

இதற்கு வேண்டிய கருவிகள் கிடைத்த வரலாறு சுவையானது. சீனப் பேரரசர்க்குப் பரிசாக ஆங்கிலத் தூதுக்குழுவினர் கொண்டுசென்ற பொருள்களுள் நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்று இருந்தது. பேரரசர் அதனை ஏலாது விடுத்தமையால், அக்குழுவோடு சென்ற டின்விடி என்னும் அறிஞர் அதனைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவரிடமிருந்து அது லாம்டனுக்குக் கிடைத்தது. கோணங்களை அளக்கும் தியோடலைட்டு என்னும் பெருங்கருவி இலண்டனில் வில்லியம் கேரி என்பாரால் செய்யப்பட்டது. மூன்றடி அகலமுள்ள பித்தளை வட்டத்தை உடைய அக்கருவி ஏறத்தாழ அரை டன் எடை கொண்டது. கடலில் வரும்போது பிரெஞ்சுக்காரர் கப்பலைச் சிறைப்பிடித்து மொரீசியசுத் தீவுக்குக் கொண்டுபோயினர் என்றும், அது போர்க் கருவியன்று, அறிவுக் கருவி என்று கண்ட அத்தீவின் ஆட்சியாளர் அதனைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார் என்றும் கூறுவர்.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையடியில் அடிக்கோட்டின் அளவை தொடங்கிற்று. கோடையின் கொடுமை தொடங்கிவிட்ட காலம் அது. வெப்பத்தால் எஃகு நீளும். ஒரு டிகிரி வெப்பம் மிகுந்தால் நூறடிச் சங்கிலி ஏறத்தாழ 0.0074 அங்குலம் நீளும். இது மிகச் சிறிது என்று தோன்றலாம். ஆனால், இருபது டிகிரி வேறுபாட்டைக் கருதாமல் நானூறு முறை அச்சங்கிலியை நீட்டி வைத்தால், முடிவில் ஏறத்தாழ ஐந்தடி பிழை விழும். ஆதலின் லாம்டன் சங்கிலியைத் தரையில் படவிடவில்லை. முக்காலிகளின்மேல் மரப்பெட்டிகளை மட்டமாக நிறுத்தி, அவற்றினுள் சங்கிலியைக் கிடத்தி, வெப்பமானிகளையும் உடன்வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டார். பெட்டிகளைப் பெயர்த்தல், முக்காலிகளை நகர்த்துதல், மட்டம் பார்த்தல், முளை அடித்தல், மீண்டும் பெயர்த்தல் என நாள்தோறும் ஒரே செயல். ஏழரை மைல் தொலைவை அளக்க மே 22-ஆம் நாள் வரை ஆயிற்று. கிடைத்த அளவு 40,006 அடிக்குச் சற்று மிகுதி. அந்தச் சற்று மிகுதியையும் அவர் அடியின் பின்னங்களில் எழுதிவைத்தார்.

அங்கிருந்து முக்கோணங்கள் மேற்கே படர்ந்தன. 1804-ஆம் ஆண்டில் பெங்களூரருகே மற்றோர் அடிக்கோடு தரையில் அளக்கப்பட்டது. முக்கோணக் கணக்கால் வந்த நீளத்திற்கும் சங்கிலியால் வந்த நீளத்திற்கும் இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்திற்கும் குறைவு. இடையே கிடந்த மலைகளையும் காடுகளையும் எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் அருமை விளங்கும். கிழக்குக் கடலுக்கும் மேலைக் கடலுக்கும் இடையே சென்னைக்கு நேராக நாட்டின் அகலம் 400 மைல் என்று பழைய படங்கள் காட்டின. லாம்டனின் கணக்கில் அது 360 மைலே ஆயிற்று. கம்பெனியார் தம் நிலத்தில் நாற்பது மைலை ஒரே நாளில் இழந்தனர்! அதுகாறும் அவர்கள் நம்பியிருந்த படங்கள் அத்துணைப் பிழையுடையனவாய் இருந்தன.

1806-ஆம் ஆண்டில் அவர் தெற்கே திரும்பிக் கொங்கு நாட்டை அடைந்தார். கோயம்புத்தூரை அடுத்த பச்சாபாளையத்தில் புதியதோர் அடிக்கோட்டினை அளந்தார். அவருடைய அறிக்கைகளில் இவ்வூர்ப் பெயர் ஆங்கில நாவுக்கேற்பப் புட்சபாலியம் எனத் திரிந்து காணப்படுகின்றது. பகலெல்லாம் சங்கிலி வேலை நடந்தது. இரவில் உச்சிக்கோணத்தை அளக்கும் ஐந்தடித் தொலைநோக்கிக் கருவியை நிறுத்தி, தலைக்கு நேரே கடக்கும் விண்மீன்களை ஒவ்வொன்றாக அளந்தார். தூக்குநூலில் தொங்கும் குண்டு எத்திசையைக் காட்டுகின்றதோ அதுவே செங்குத்து. அதனின்று விண்மீன் எத்துணை விலகியுள்ளது என்று கண்டால் அவ்விடத்தின் அட்சரேகை கிடைக்கும். பச்சாபாளையத்தின் அட்சரேகை பதினொரு டிகிரிக்குச் சற்றே குறைவு என்று அவர் ஒரு டிகிரியின் மூவாயிரத்து அறுநூற்றுக் கூறுகளுக்கும் நுண்ணிய அளவில் கணித்தார். ஐரோப்பிய அறிஞர் நிலவுலகின் உருவத்தைக் கணித்த நூல்களில், குமரிமுனையருகே உள்ள நிலையத்தோடு பச்சாபாளையத்தின் பெயரும் இடம்பெற்றது. கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்று இவ்வாறு உலகளவிலான கணக்கில் ஏறிற்று.

இக்கணக்கின் பயன் யாதெனின், நிலவுலகம் முழு உருண்டையன்று. துருவங்களில் சிறிது தட்டையானது. ஆதலின் நிலநடுக்கோட்டிலிருந்து துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல ஒரு டிகிரியின் நீளம் சிறிது சிறிதாகக் கூடவேண்டும். நிலநடுக்கோட்டருகே அது ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7 கிலோமீட்டர். இதனை நிறுவுதற்கே பிரெஞ்சு அறிஞர் 1730-களில் வடகோடியில் உள்ள லாப்லாந்துக்கும், தென்னமெரிக்காவில் உள்ள பெரு நாட்டுக்கும் சென்று இன்னலுற்றனர். லாம்டன் பெங்களூரையும் பச்சாபாளையத்தையும் பிற நிலையங்களையும் ஒப்பிட்டபோது, கூடவேண்டிய நீளம் ஒழுங்காகக் கூடவில்லை. பெங்களூர் அளவு மற்றவற்றோடு முரணிற்று. வேறொருவராயின் முரண்பட்ட எண்ணைத் திருத்தி மறைத்திருத்தலும் கூடும். லாம்டன் கருவியை ஆராய்ந்தார்; கணக்கை மீண்டும் போட்டார்; வடக்கே புதிய இடங்களில் விண்மீன்களை அளந்தார். கருவியிலும் கணக்கிலும் பிழையில்லை என்று தெளிந்தபின், தூக்குநூலே பக்கவாட்டில் இழுக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். நிலத்தினடியில் சுற்றுப்புறத்தினும் செறிவு மிக்க பொருள் கிடப்பின், அது குண்டினைத் தன்பால் ஈர்க்கும். கண்ணுக்குப் புலனாகாத பாறையும் தாதுவும் ஒரு நூலின் சாய்வால் தம் இருப்பை அறிவித்தல் கூடும் என்னும் கருத்து இவ்வாறு தென்னாட்டு அளவையில் முளைத்தது.

பெங்களூருக்குக் கிழக்கே கோலாரில் பிற்காலத்தில் பெரிய தங்கச் சுரங்கங்கள் நடைபெற்று, 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. தூக்குநூலை ஈர்த்தது தங்கம் என எண்ணிவிடலாகாது. தங்கம் எவ்வளவு கிடைப்பினும் நூலை அசைக்கும் அளவுக்குப் போதாது. பரந்து கிடக்கும் கனத்த பாறைத் திரளாலேயே அஃது இயலும். இமயமலையருகே பின்வந்தோரின் தூக்குநூல்களும் இவ்வாறே பிறழ, அதனை ஆராய்ந்த பிராட்டு, ஏரி என்னும் அறிஞர் இருவர், மலைகள் நிலத்தின் அடியில் எவ்வாறு தாங்கப்படுகின்றன என்னும் கொள்கையை 1855-ஆம் ஆண்டில் வகுக்கத் தொடங்கினர். இன்று அத்தூக்குநூலின் வேலையைச் செயற்கைக்கோள்கள் செய்கின்றன. 2002-ஆம் ஆண்டு முதல் 2017-ஆம் ஆண்டு வரை கிரேசு என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. கனத்த நிலப்பகுதியின்மேல் செல்லும்போது முன்னது சிறிது விரைவாக இழுக்கப்பட, இடைவெளி மயிரிழையினும் நுண்ணிதாக மாறும். அம்மாற்றத்தை அளந்து உலகின் ஈர்ப்புப் படத்தை வரைந்தனர். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் நீர்ப்பரப்பு, கணக்கில் கொள்ளும் மட்டத்திற்கு ஏறத்தாழ 106 மீட்டர் தாழ்ந்திருக்கின்றது என்பதும் இவ்வகை ஆராய்ச்சியால் தெளிவாகப் புலப்பட்ட உண்மையாகும்.

ஈர்ப்பை அளக்கும் கோள்களேயன்றி ஒளிப்படம் எடுக்கும் கோள்களும் உள. 1972-ஆம் ஆண்டில் அமெரிக்கர் முதல் லேண்ட்சாட்டு கோளை ஏவினர். நம் நாட்டின் முதல் தொலையுணர்வுக் கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ, 1988-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் அக்காலச் சோவியத்து நாட்டின் பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. அதன் ஒரு படப்புள்ளி தரையில் 72.5 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைக் குறித்தது. மற்றொரு படக்கருவியில் அதிற் பாதியைக் குறித்தது. பாறைகள் ஒளியைத் திருப்பி அனுப்பும் முறை ஒன்றுபோல் இராது. இரும்புத் துரு நீல ஒளியை விழுங்கிச் செவ்வொளியை மீட்டனுப்பும். களிமண் வகைகள் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியின் ஒரு பகுதியை விழுங்கும். இவ்வேறுபாடுகளைக் கணிப்பொறியில் இட்டுப் பிரித்து, பாறை வகை, நிலப்பிளவு, ஓடை, காந்த அளவு ஆகிய படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், எங்கே தாது இருத்தல் கூடும் என்று ஊகிக்கலாம். ஊகமே, முடிவன்று. சுத்தியலோடு நிலவியலார் அங்கே நடந்து சென்று கல்லை உடைத்துப் பார்த்த பிறகே முடிவு.

இம்முறைக்குக் கொங்கு நாடு மிகவும் ஏற்ற களமாகும். பாலைக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரியை நோக்கியும், மோயாறு பவானி ஆறுகளின் வழியாகவும் நிலவுலகின் பழம்பாறைகள் அறுபட்டு நழுவிய பெருங்கோடுகள் ஓடுகின்றன. தரையில் நிற்பவனுக்கு அவை வெறும் பள்ளத்தாக்கும் கரடும் ஆகவே தோன்றும். லேண்ட்சாட்டு படங்களில் அவை நெடுங்கோடுகளாகப் புலப்பட, 1980-ஆம் ஆண்டளவில் நிலவியலார் அவற்றை வரைந்து காட்டினர். சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளைக்கல்லாகிய மாக்னசைட்டு, கஞ்சமலையின் காந்த இரும்புக்கல், காங்கயத்தை அடுத்த சிவன்மலைப் பகுதியின் குருந்தக்கல், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் வெண்ணிறப் பாறை என இந்நாட்டின் கனிவளம் பலவகைப்பட்டது. சித்தம்பூண்டிப் பாறை நிலவின் பாறையை ஒத்திருத்தலின், சந்திரயான் ஊர்தியைச் சோதித்தற்கு அதனைப் பொடியாக்கிப் பயன்படுத்தினர். கொடுமணலில் அரிய மணிகளை அறுத்துப் பட்டை தீட்டி உரோம நாட்டாரோடு வாணிகம் செய்த முன்னோர்க்கு இவ்வளம் செயற்கைக்கோளின்றியே தெரிந்திருந்தது என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

வானிலிருந்து எடுக்கும் படம் எத்துணைத் தெளிவாயினும், அதிலுள்ள புள்ளி தரையில் எவ்விடம் என்று பொருத்திக் காட்டத் தரையில் உறுதியாக அளந்து நிறுத்திய குறிகள் வேண்டும். இந்தியாவில் அத்தகைய குறிகளின் முதல் வரிசையை நாட்டியவர் லாம்டனே. கணிப்பொறி என்பதும் அவர் வழிவந்தோர் காலத்தில் பொறியைக் குறித்த சொல் அன்று. அளவைத் துறையில் கோணங்களைக் கொண்டு கணக்கிடும் அலுவலர்க்கே ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர் என்னும் பெயர் வழங்கிற்று. உலகின் மிகவுயர்ந்த சிகரத்தின் உயரத்தைக் கணித்த வங்காளத்து இராதாநாத சிக்தார் அத்தகைய அலுவலர். லாம்டனுக்கு உதவிய இளைஞர் பலர் 1794-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற அளவைப் பள்ளியில் பயின்றவர். அப்பள்ளியே வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று. அவ்விளைஞருள் சோசுவா டி பென்னிங் என்பவர், தலைவரின் இறுதிவரை உடனிருந்தார்.

கோயம்புத்தூரிலிருந்து முக்கோணங்கள் கிழக்கே சோழ நாட்டை நோக்கிச் சென்றன. கொங்கு நாட்டில் ஏறி நின்று பார்க்க மலைகள் இருந்தன. காவிரிக் கழிமுகத்தில் ஒரு குன்றும் இல்லை. எங்கு நோக்கினும் தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. ஆதலின் லாம்டன் கோயில்களின் உயரத்தை நாடினார். தொலைநோக்கியால் வீட்டுப் பெண்டிரைப் பார்க்கின்றனர் என்று மக்கள் ஐயுறுவதும் உண்டு. அவ்வையத்தைப் போக்கி இசைவு பெறுதல் அளவைத் தொழிலின் ஒரு பகுதியாகவே ஆயிற்று. 1808-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின்மீது தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினர். கருவி நெடுந்தொலைவு மேலே சென்றபோது, அது சுவரில் மோதாதவாறு இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. அரை டன் எடையுள்ள கருவி கற்சுவரில் மோதியது. பெட்டி நொறுங்கிற்று, பித்தளை வட்டம் நசுங்கி உருக்குலைந்தது.

அன்று உடைந்தது ஒரு கருவி மட்டுமா? அதனை ஒத்த மற்றொன்று இந்தியாவில் இல்லை. இங்கிலாந்துக்கு எழுதிப் புதிது பெற ஆண்டுகள் ஆகும். அதற்குள் அளவையைச் செலவு மிக்கதென்று வெறுத்தோர் அதனை நிறுத்திவிடுதல் உறுதி. கோணம் அளக்கும் வட்டம் சிறிது கோணினும் அதுவரை வந்த நுட்பமெல்லாம் பாழ். லாம்டன் எவர்மேலும் சினந்தார் என்று வரலாறு கூறவில்லை. கருவியைத் தம் கூடாரத்துக்குள் கொண்டுசென்று, கைவினைஞரைத் துணைக்கொண்டு வாயிலை அடைத்துக்கொண்டார். பெரிய பலகை ஒன்றில் வட்டத்தின் உண்மையான அளவைக் கீறினார். ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் நசுங்கிய விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அக்கீற்றுக்கு ஒத்துவரச் செய்தார். வளைந்த ஆரங்களைச் சிறு மரச்சுத்தியால் மெல்லத் தட்டி நிமிர்த்தார். ஐம்பது வயது கடந்த, ஒரு கண் மங்கிய மனிதர் ஆறு வாரம் இவ்வாறு உழைத்தார். ஆறு வாரத்தின் முடிவில் வட்டம் மீண்டும் வட்டமாயிற்று. கருவி செய்தோரே செய்யத் தயங்கும் செப்பம் இது. அளவைப் பணியின் வரலாற்றில் இதற்கு நிகராக ஆர்க்காட்டைச் சேர்ந்த மீர் மொகசின் உசேனின் கைத்திறனையே கூறலாம். அவர் பிற்காலத்தில் எவரெஸ்டின் கருவிகளைச் செப்பம் செய்து புகழடைந்தார்.

செப்பனிட்ட அக்கருவியோடு லாம்டன் மேலும் தெற்கே சென்றார். 1809-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைப் பகுதியில் அடிக்கோடு அளந்து, குமரிமுனையை எட்டினார். பின்னர் வடக்கே திரும்பி 1811-ஆம் ஆண்டில் கூத்தியிலும் 1815-ஆம் ஆண்டில் பீதரிலும் அடிக்கோடுகளை அளந்தார். குமரியிலிருந்து பீதர் வரை ஏறத்தாழப் பத்து டிகிரி நீளமுள்ள வளைவு அளக்கப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு அருகே இத்துணை நீளமான வளைவை அதற்கு முன் எவரும் அளந்ததில்லை. பிரெஞ்சு அறிவியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. இங்கிலாந்தின் அரச கழகம் 1817-ஆம் ஆண்டில் தான் அவரை ஏற்றது. சொந்த நாட்டார் பிந்தினர். பகை நாட்டார் முந்தினர்.

1818-ஆம் ஆண்டில் இப்பணி சென்னை அரசினரிடமிருந்து கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டு, இந்தியப் பெருமுக்கோண அளவை என்னும் பெயர் பெற்றது. லாம்டனுக்கு அப்பொழுது அறுபது வயது கடந்துவிட்டது. துணைத்தலைவராக இளைஞர் சார்சு எவரெஸ்டு அமர்த்தப்பட்டார். வாய்சி என்னும் மருத்துவர் நிலவியலாராகவும் அமர்த்தப்பட்டு, கோணம் அளப்போரோடு நடந்து சென்று பாறைகளை ஆராய்ந்தார். ஐதராபாத்துப் பகுதிக்கு அவர் வரைந்த படம், நம் நாட்டின் மிகப் பழைய நிலவியற் படங்களுள் ஒன்று. இந்திய நிலவியல் துறை 1851-ஆம் ஆண்டில் தோன்றுதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே, நிலத்தின் அளவும் நிலத்தினுள் இருக்கும் பொருளும் ஒரே குழுவினரால் ஒருங்கே ஆராயப்பட்டன. காட்டுக் காய்ச்சலால் பணியாளர் பலர் மாண்டனர். எவரெஸ்டும் நோயுற்றுக் கடல் கடந்து சென்று உடல் தேறி மீண்டார். வாய்சி 1824-ஆம் ஆண்டில் இறந்தார்.

1823-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்கு அளவைத் தலைமையிடத்தை மாற்றும் பொருட்டு லாம்டன் புறப்பட்டார். கடுமையான இருமல் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. வழியில் இங்கன்காட்டு என்னும் ஊரில் சனவரி 20-ஆம் நாள் கூடாரத்திலேயே உயிர் துறந்தார். இருபது ஆண்டுகளில் 1,65,000 சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்பினை அவர் முக்கோணங்களால் அளந்திருந்தார். அவர் உடல் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. பணியை மேற்கொண்ட எவரெஸ்டு 1841-ஆம் ஆண்டளவில் வளைவை இமயத்தின் அடிவரை கொண்டுசென்று முடித்தார். 1865-ஆம் ஆண்டில் உலகின் மிகவுயர்ந்த சிகரத்திற்கு அவர் பெயர் இடப்பட்டது. தொடங்கியவர் பெயர் அச்சிகரத்திற்கு இடப்படவில்லை. லாம்டன் இறந்த மறு ஆண்டில் மத்திய இந்தியாவில் சிரோஞ்சு என்னும் இடத்தில் புதிய அடிக்கோட்டினை அளக்க எவரெஸ்டு முற்பட்டபோது, அவர் கையில் இருந்தது சீனப் பேரரசர் வேண்டாவென்று விடுத்த அந்தப் பழைய சங்கிலிதான். கோணங்களை அளந்ததும் தஞ்சையில் நசுங்கி நிமிர்த்தப்பட்ட அதே வட்டந்தான்.